தன் வாசலில் முளை அடித்தவன்

எங்கள் ரீட்பாக் ஊரில் பிளேசி கை நனைக்காத வீடு கிடையாது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவன் வந்து உட்கார்ந்தால் அடுப்படிக்கே ஒரு களை வந்துவிடும். முட்டைக்கோஸ் வேகிற வாசனையை வைத்தே எந்த வீட்டில் பன்றிக்கறி போட்டிருக்கிறார்கள் என்று தெருமுனையில் நின்று சொல்லிவிடுவான். சொல்லிவிட்டு நேராக அந்த வீட்டுக்குத்தான் போவான். விரட்ட யாருக்கும் மனசு வராது. பெரிய வயிறு, சின்னக் கண்கள், சிரித்தால் அந்தக் கண்களும் காணாமல் போய்விடும்.

நான் அப்பல், இந்த ஊர் மருத்துவச்சி. பிளேசியின் பிள்ளைகள் எல்லாமே என் கையில்தான் விழுந்தன. ஒவ்வொரு தடவையும் அவன் பெண்டாட்டி பார்பெல் உள்ளே வலியில் கத்துவாள், இவன் வெளியே அழுதுகொண்டே ரொட்டி தின்பான்.

"ஏன்டா தடியா, இந்த நேரத்துல உனக்கு எப்படிடா தொண்டையில இறங்குது?" என்று கேட்டேன் ஒருமுறை.

"பயமா இருக்கு அக்கா. பயந்தா எனக்குப் பசிக்கும்."

அவனுக்குப் பக்கத்து வீடு யோஸ். நடுவில் ஒரு முள்வேலி, அவ்வளவுதான். யோஸ் ஒல்லி, பேச்சும் ஒல்லி. ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான், தலை போனாலும் மாற்ற மாட்டான். இவன் வாயைத் திறக்கவே மாட்டான், அவன் வாயை மூடவே மாட்டான், இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனதோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். சின்ன வயதிலிருந்து ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரிதான் திரிந்தார்கள்.

யோஸின் பெண்டாட்டி ஊர்செல்லுக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே செத்துப்போனது. அடுத்ததும் தங்கவில்லை. மூன்றாவது முறை உண்டானபோது மசக்கையில் ஒன்றும் ஏறவில்லை. "ஓடை நண்டு கிடைச்சா தேவலை" என்றாள். ஓடை எங்கள் ஊரை ஆளுகிற துறவிகள் மடத்துடையது. மீன் மடத்துடையது, நண்டு மடத்துடையது, காட்டில் விழுகிற சுள்ளியும் மடத்துடையது. யோஸ் ஒருநாள் அந்தி சாயும் நேரத்தில் ஓடையில் கையை விட்டான், பிளேசியும் கூடவே போனான். மடத்துக் காவலாட்கள் வந்தபோது பிளேசி புதருக்குள் பம்மிக்கொண்டான், யோஸ் மாட்டிக்கொண்டான். கூட யார் வந்தது என்று கோபுரத்துச் சிறையில் போட்டுக் கேட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. குளிர்காலம் பாதி போன பிறகு, "இனி மடத்துக்கு எதிராகக் கையும் தூக்க மாட்டேன், நாக்கும் தூக்க மாட்டேன்" என்று இரண்டு விரலை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொல்லி வெளியே விட்டார்கள். இந்தச் சத்தியத்தை மீறினால் அந்த இரண்டு விரலையும் வெட்டுவார்கள். விரல் போகட்டும், ஆன்மா நரகத்துக்குப் போகுமே, அதுதான் யோஸுக்குப் பெரிய பயம்.

மடத்தைப் பற்றி என்னைப் பேசவிட்டால் நிறுத்த மாட்டேன். ஓர் ஆம்பிளை செத்தால் தொழுவத்தில் இருக்கிற நல்ல பசு மடத்துக்கு. ஒரு பொம்பிளை செத்தால் அவளுடைய நல்ல உடுப்பு மடத்துக்கு. என் அம்மா செத்த அன்று அவளுடைய கல்யாண உடுப்பைப் பெட்டியிலிருந்து உருவிக்கொண்டு போனான் ஒரு பாவி. கிழிந்த சட்டையோடுதான் அவளைப் புதைத்தோம். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, மடத்துக்கு எதிராகப் படை திரண்ட கதைக்கு வருகிறேன். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வருஷம் பந்திதான் படையாக மாறியது. தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஓர் ஊர் ஆம்பிளைகள் மேளம் அடித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு விருந்துக்குப் போவார்கள். அங்கே கொழுப்பில் பொரித்த அப்பமும் பீரும் கிடைக்கும். மறுநாள் இரண்டு ஊரும் சேர்ந்து மூன்றாவது ஊருக்குப் போகும். இது எப்போதும் இருக்கிற வழக்கம், எங்கள் ஊருக்கு எப்போதும் பிளேசிதான் மேளம். அந்த வருஷம் மட்டும் யாரும் திரும்பி வீட்டுக்குப் போகவில்லை. அப்பத்தைத் தின்றுகொண்டே ஒருவன் தன் பசு போன கதையைச் சொல்வான், இன்னொருவன் தன் வயல் போன கதையைச் சொல்வான். கேட்கக் கேட்க எல்லோருக்கும் சூடு ஏறியது. மடத்து ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "குடிகாரப் பயல்கள், சாம்பல் புதன் வந்தால் அடங்கிவிடுவார்கள்" என்று சிரித்தார்கள். சாம்பல் புதன் வந்தது, தவக்காலம் தொடங்கியது. சேற்றுநிலத்தில் ஆயிரக்கணக்கில் ஆம்பிளைகள் வட்டமாக நின்றார்கள்.

வட்டத்தில் நின்று எல்லோரும் இரண்டு விரலைத் தூக்கி, கூட்டத்தை விட்டு விலக மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். மெல்கியோர் என்பவனைத் தலைவனாக்கினார்கள். பக்கத்து ஊர்க்காரன், கூலிக்குப் போர் செய்துவிட்டு வந்தவன், சிரிக்கவே தெரியாதவன். அவன்தான் சட்டம் போட்டான். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். வராத வீட்டு வாசலில் ஒரு மர முளை அடிக்கப்படும். முளை அடித்த வீட்டோடு யாரும் அன்னந்தண்ணி புழங்கக் கூடாது. அந்த வீட்டு மாவை ஆலையில் அரைக்கக் கூடாது, அந்த வீட்டு ரொட்டியை ஊர் அடுப்பில் சுடக் கூடாது, நெருப்புக் கொடுக்கக் கூடாது, வாசல் மிதிக்கக் கூடாது. மீறுகிறவன் வாசலிலும் முளைதான்.

முளை அடிக்கவும் மேளம் அடித்து ஆள் கூட்டவும் யாரைப் போடுவது? எல்லா வீட்டு வாசலும் தெரிந்த ஒருவனைத்தான் போட வேண்டும் என்றார்கள். பிளேசியைப் போட்டார்கள்! ஊர் முழுக்கத் தின்று திரிந்தவன் கையில் ஊர் அடுப்பை அணைக்கிற வேலையைக் கொடுத்த புத்திசாலிகள் எங்கள் ஆட்கள்தான், வேறு யார். அவனும் பெருமையாக மேளத்தை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இப்ப நான் யாரு தெரியுமா?" என்றான் பார்பெலிடம்.

"தெரியும். நேத்து மாட்டுச் சாணி அள்ளாம ஓடிப்போன ஆளு" என்றாள் அவள்.

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் போனது. யோஸ் மட்டும் போகவில்லை. பிளேசி வேலியோரம் நின்று கெஞ்சினான்.

"டேய், ஒரு விரலை மட்டுமாவது தூக்குடா. நான் சமாளிச்சுக்கறேன்."

"தூக்கின விரலைத் திரும்ப எப்படிடா தூக்கறது? ஒரு தடவைதான் தூக்கலாம்."

"மடத்துக்காரன் பிடிச்சு அடைச்சுவெச்சு வாங்கின சத்தியம்டா அது!"

"வாங்கினது அவன். சொன்னது என் வாய்."

அப்புறம் என்ன, மறுநாள் பகலில் ஊரே தெருவில் நின்று பார்க்க, பிளேசி முளையையும் சம்மட்டியையும் தூக்கிக்கொண்டு யோஸ் வாசலுக்குப் போனான். முகமெல்லாம் கண்ணீர், மூக்கு ஒழுகுகிறது. யோஸ் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இரண்டு அடி விழுந்ததும் முளை சாய்ந்தது.

"நேரா அடிடா. கோணலா நிக்குது" என்றான் யோஸ்.

"கை நடுங்குதுடா."

"நான் வேணா பிடிச்சுக்கவா?"

பிடித்துக்கொண்டான்! இவன் அடிக்க, அவன் முளையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்படி ஒரு கூத்தை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாங்கள் நின்றோம். வாசல் கதவருகே ஊர்செல் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த முளை இருக்கும்வரை நான் அந்த வாசலை மிதிக்க முடியாது. அவளுக்கு வலி எடுத்தால் யார் போவார்கள்?

அந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பிளேசிக்கும் இல்லை. ரொட்டியை வேலி மேல் மறந்து வைத்துவிட்டுப் போவான். "ஐயோ, மறந்துட்டேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லுவான். ஒருநாள் கொதிக்கிற கஞ்சிப் பானையையே மறந்து வைத்தான், வேலி கருகியது. மெல்கியோர் காதுக்கு விஷயம் போய் ஆள் அனுப்பி எச்சரித்தான்.

ஊர்செல்லுக்கு வலி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். யோஸ் வேலியோரம் வந்து நின்றான். கூப்பிடவில்லை, நின்றான், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்தாலே போதும். நான் துணியையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். முளை வரைக்கும் போய்க் கால் நின்றுவிட்டது. என் உயிருக்கு நான் பயப்படவில்லை, சத்தியமாக. நான் உள்ளே போனால் என் வாசலிலும் முளை விழும். அப்புறம் வேறு எந்தப் பெண்ணுக்கும் நான் போக முடியாது. ரொட்டி சுடுகிறவன் மருமகளுக்கு மாதம் நெருங்குகிறது, கொல்லன் பெண்டாட்டிக்கு இரட்டைப் பிள்ளை என்று எனக்குச் சந்தேகம். அவர்களை யார் பார்ப்பார்கள்? உள்ளேயிருந்து ஊர்செல் கத்துகிற சத்தம் கேட்கிறது, நான் மரம் மாதிரி நிற்கிறேன்.

பிளேசி மெல்கியோரைத் தேடி ஓடினான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆலையடியில் அவனைப் பிடித்துக் காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறான். "ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். அப்புறம் கூட்டம்னு ஒண்ணு எதுக்கு?" என்றானாம் மெல்கியோர். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் கேட்டுக்கொள் என்றானாம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வலியை நிறுத்தி வைக்க ஊர்செல்லுக்குத் தெரியுமா?

பிளேசி மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். தன் வீட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு முளையை எடுத்தான். தன் வாசலுக்கு நேராக நட்டு ஓங்கி அடித்தான்.

பார்பெல் பதறிக்கொண்டு வெளியே வந்தாள். "யோவ், என்னய்யா பண்றே? பைத்தியமா?"

"ஒதுக்கின வீடு ஒதுக்கின வீட்டோட புழங்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்லடி. நாம இப்ப ஒதுக்கின வீடு. போ, போயி ஊர்செல்லுக்குக் கை குடு. நீ ஆறு பெத்தவ."

"சத்தியம் பண்ணியிருக்கியே!"

"தெரியும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவன் வாயிலிருந்து வரவில்லை. பிளேசி அத்தனை குறைவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

பார்பெல் அவன் முகத்தைப் பார்த்தாள். "நல்லா ஆழமா அடி, ஆடுது" என்று சொல்லிவிட்டு வேலியைத் தாண்டினாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தின்னுகிற பயல், அவனுக்கு இருக்கிற ஈரம் எனக்கு இல்லையா? "டேய் பிளேசி, என் வாசல்லயும் ஒண்ணு அடிடா!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன். பிறகு நடந்ததை நான் ஜன்னல் வழியாகத்தான் கேட்டேன். ரொட்டி சுடுகிறவன் வந்தான். "அப்பல் அக்காவை ஒதுக்கினா என் மருமகளை யாரு பாக்கறது? எனக்கும் ஒண்ணு அடி" என்றான். கொல்லன் வந்தான், சம்மட்டியை அவனே கொண்டுவந்தான். ரொட்டிக்காரனே ஒதுங்கிவிட்டால் ரொட்டிக்கு எங்கே போவது என்று ஆலைக்காரன் வந்தான். ஆலையும் போனால் மாவு ஏது? மத்தியானத்துக்குள் தெரு முழுக்க முளை. பிளேசிக்குக் கை காய்த்துப்போனது.

மெல்கியோர் குதிரையில் வந்து இறங்கினான்.

"யார்டா அடிச்சது இதையெல்லாம்?"

"நான்தான் தலைவரே. முளை அடிக்கிறது என் வேலைதானே, நீங்கதானே குடுத்தீங்க" என்றான் பிளேசி.

"உன் வாசல்ல நீயே அடிப்பியா?"

"யார் வாசல்ல அடிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே."

"இந்த ஊர்லேருந்து ஒரு ஆளும் வர மாட்டீங்களா?"

"வருவோம் தலைவரே. மொதல்ல அந்தப் பிள்ளை வரட்டும்."

மெல்கியோருக்குக் கோபம் தலைக்கேறிச் சத்தம் போட ஆரம்பித்தான். எனக்குக் குழந்தையின் தலை தெரிகிற நேரம். ஜன்னலில் தலையை நீட்டி, "ஏன்யா, உன் போரை அந்தப் பக்கம் போய் நடத்துய்யா! இங்க ஒருத்தி உசிரைக் குடுத்துக்கிட்டு இருக்கா!" என்று கத்தினேன். என் வாய்க்கு மடாதிபதியே பயப்படுவார், இவன் எந்த மூலைக்கு. வாயை மூடிக்கொண்டான். குழந்தை பிறக்கும்வரை குதிரையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான் என்று பிறகு சொன்னார்கள்.

பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பார்பெல் மட்டும் ஊர்செல் தோளைத் தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் என் ஒரு கையால் முடிந்திருக்காது, தாயும் போயிருப்பாள். யோஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலிக்குப் போனான். பிளேசி எட்டிப் பார்த்து ஓவென்று அழுதான். பிறகு, "பசிக்குதுடா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் பிளேசியை முழங்காலில் நிற்கவைத்தார்கள். சத்தியத்தை மீறியதற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். பிரசவம் நடக்கிற வீட்டுக்கு எந்த விலக்கும் கிடையாது என்று அன்று வட்டம் முடிவு செய்தது. மெல்கியோரே முதலில் கையைத் தூக்கினான் என்கிறார்கள். தெருவில் முளைகளைப் பிடுங்கினோம். யோஸ் வீட்டு முளை நின்றது, அவன் இன்னும் சத்தியம் செய்யவில்லையே. தன் வீட்டு முளையைப் பிளேசி பிடுங்கவில்லை. "இருக்கட்டும், பசு கட்ட ஆச்சு" என்றான். சோம்பேறி!

ஈஸ்டருக்கு முன்னால் கூட்டம் கிளம்பியது. பிளேசி மேளத்தோடு போனான். வேலியோரம் யோஸ் ஒரு துணியில் ரொட்டியும் கொழுப்பும் கட்டிக் கொடுத்தான். தெருமுனை திரும்புவதற்குள் பிளேசி அதை அவிழ்த்துத் தின்ன ஆரம்பித்துவிட்டான். அப்போது அவனுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மடத்துக்குத் துணையாக வந்த பிரபுக்களின் குதிரைப்படைக்கு முன்னால் எங்கள் ஆட்கள் ஒரு பொழுதுகூட நிற்கவில்லை. அரிவாளும் வைக்கோல் வாரியும் பீரங்கிக்கு முன்னால் என்ன செய்யும்? சிதறி ஓடினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், பிளேசி வரவில்லை. ஆற்றங்கரையில் நின்று மேளத்தை அடித்துக்கொண்டே இருந்தானாம். புகையில் வழி தெரியாமல் ஓடியவர்களெல்லாம் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் துறைக்கு வந்து சேர்ந்தார்களாம். கொல்லன் அப்படித்தான் பிழைத்தான். குதிரைகள் வந்த பிறகு மேளச் சத்தம் கேட்கவில்லை என்றான். உடம்பு கிடைக்கவில்லை, ஆறு கொண்டுபோய்விட்டது.

ஈஸ்டர் கழிந்து மடத்தின் புதுக் காரியக்காரர் படைவீரர்களோடு வந்தார். உயிரோடு திரும்பியவர்கள் ஈட்டியையும் அரிவாளையும் போட்டுவிட்டு மடத்துக்கு மறுபடி சத்தியம் செய்ய வேண்டும். கூட்டத்தில் போய்ச் செத்தவன் வீட்டைக் கொளுத்திக் குடும்பத்தை எல்லைக்கு வெளியே விரட்ட வேண்டும். எங்கள் ஊரில் அது ஒரே வீடு. பார்பெல் பிள்ளைகளைக் கூட்டி நிறுத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

காரியக்காரர் அந்த வாசலில் முளையைப் பார்த்துக் குதிரையை நிறுத்தினார். "இது கூட்டத்தில் சேராதவன் வீட்டு அடையாளமாயிற்றே? இந்த வீட்டு ஆம்பிளை எங்கே?" என்று கேட்டார்.

பார்பெல் பிள்ளைகளை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள். கலகக்காரன் சாட்சி செல்லாது, பொம்பிளை சாட்சியும் செல்லாது என்றார் அவர். கூட்டத்துக்குச் சத்தியமே செய்யாத ஒருவன் இருந்தால் வந்து சொல்லட்டும் என்றார்.

யோஸ் வேலியைத் தாண்டி வந்தான். இரண்டு விரலைத் தூக்கினான். நரகத்துக்குப் பயந்து ஊர் விலக்கையே சுமந்தவன்.

"கடவுள் மேல, எல்லாப் புனிதர்கள் மேல சத்தியம். இந்த வீட்டுக்காரன் கூட்டத்தோட போகல. ஆயுதம் தொடல. தவக்காலத்துல காய்ச்சல்ல செத்தான். என் கையாலதான் புதைச்சேன்."

காரியக்காரர் அவனையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். வீட்டை விட்டுவிட்டார்கள். செத்தவன் வீட்டு நல்ல பசு மடத்துக்குச் சேர வேண்டும் அல்லவா, அதை மட்டும் மறக்காமல் முளையிலிருந்து அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார்கள். நாசமாய்ப் போக.

அவர்கள் போன பிறகு நான் யோஸைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, ஒரு சத்தியத்துக்காகப் பெண்டாட்டி உசிரையே பணயம் வெச்சவன் நீ. இப்ப இப்படிப் பொய்ச் சத்தியம் பண்ணிட்டியே" என்றேன்.

அவன் பிளேசி வாசல் முளையைப் பார்த்தான். "அவனும் சத்தியம் பண்ணினவன்தானே அக்கா. எனக்காக அதை உடைச்சான். அவன் ஆன்மா என்ன, என்னுதை விட மட்டமா?" என்றான்.

பொய்ச் சத்தியம் செய்த பாவத்தைச் சாமியாரிடம் ஒப்புக்கொண்டால், அவரும் மடத்து ஆள்தான், விஷயம் மடத்துக்குப் போகும். ஒப்புக்கொள்ளாமல், பாவத்தோடு பூசையில் நற்கருணை அப்பம் வாங்க அவனுக்கு மனசு வராது. அதனால் அன்றிலிருந்து யோஸ் நற்கருணைக்குப் போவதில்லை. பூசையில் எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது அவன் மட்டும் கோயிலின் பின்பக்கம், கதவை ஒட்டி நிற்பான். பார்பெலும் போவதில்லை. அவன் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள்.